தீவாக மாறிய கப்பல்

1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, யாவாத் தீவுக்குக் கிழக்கே பறந்து சென்ற யப்பானிய விமானிகளுக்குக் கீழே தெரிந்தவை நீலக் கடலும், அக்கடலிலே வாரியிறைத்தாற்போலக் கிடந்த பச்சைத் தீவுகளுமே. பெருந்தீவுகளும் அங்கு உண்டு. பத்துத் தென்னைகளுக்கு மேல் இடங்கொள்ளாத சிறு திட்டுக்களும் உண்டு. அவற்றுள்ளே ஒன்று மட்டும் மற்றவற்றைப் போன்றதன்று. அதன் பாறைகள் வண்ணப்பூச்சினால் ஆனவை. அதன் மரங்களுக்கு வேர் கிடையாது. அந்த மரங்களின் அடியிலே ஒரு பீரங்கி இருந்தது. நீராவி இயந்திரங்கள் இருந்தன. பொழுது சாயட்டும் என்று காத்திருந்த மாலுமிகளும் இருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் அந்தத் தீவு தன் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு நகரத் தொடங்கும்!

கட்டுக்கதை போலத் தோன்றும் இச்செய்தி முற்றிலும் உண்மையானது. அத்தீவின் பெயர் "ஆபிரகாம் கிரைன்சன்". ஒல்லாந்துக் கடற்படையைச் சேர்ந்த கண்ணிவாரிக் கப்பல் அது. போர்க்கப்பல்களின் வரலாற்றைப் புரட்டினால் பகைவரை மூழ்கடித்த கப்பல்களின் கதையே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும். ஒருவரையும் மூழ்கடிக்காமற் புகழ்பெற்ற இந்தச் சிறு கப்பலைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகிறோம்.

ஒல்லாந்தர் நமக்குப் புதியவரல்லர். 1658இலே யாழ்ப்பாணத்துக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தவர்கள் அவர்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகளின் பின்னர், உலகின் மறுகோடியிலே, தென்னமெரிக்காவின் சூரினாம் நாட்டை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய கடற்றளபதியின் பெயர்தான் ஆபிரகாம் கிரைன்சன். பழைய மாலுமிகளின் பெயர்களைப் புதிய கப்பல்களுக்குச் சூட்டுவது ஒல்லாந்தரின் வழக்கம். 1930ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அவர்கள் ஒரே மாதிரியான எட்டுக் கண்ணிவாரிக் கப்பல்களைக் கட்டியபோது இந்த வழக்கத்தோடு ஒரு சிறு விளையாட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். அம்ஸ்டெல், பிட்டர், கிரைன்சன், டூபுவா, ஏவைக், புளோரிஸ், கெல்டர், ஹல்ஸ்ட் என்று அந்த எண்மரின் குடும்பப் பெயர்களும் ஐரோப்பிய அரிச்சுவடியின் முதல் எட்டு எழுத்துக்களில் வரிசையாகத் தொடங்குகின்றன. பாலர் வகுப்புப் பிள்ளைகளை எழுத்து வரிசையில் நிறுத்தியது போலத்தான். நம்முடைய கப்பல் அந்த வரிசையில் மூன்றாவது பிள்ளை.

ஸ்கீடம் நகரிலுள்ள கஸ்டோ என்னும் கப்பற்றளத்திலே கட்டப்பெற்று, 1936இல் நீரில் இறக்கப்பட்டு, 1937இல் அது பணியிற் சேர்ந்தது. நீளம் ஏறக்குறைய 56 மீட்டர். அகலம் எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிறை 525 தொன். மணிக்கு 15 கடல்மைல் ஓடும். மூன்றங்குலப் பீரங்கி ஒன்றும், விமானங்களைச் சுடுவதற்கு இருபது மில்லிமீட்டர்த் துப்பாக்கிகள் இரண்டும் அதற்கு இருந்தன. நாற்பத்தைந்து பேர் அதிற் பணிபுரிவதற்கு இடமிருந்தது. அக்காலத்து நாசகாரிக் கப்பல் ஒன்று இதனைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடக்கூடியது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், ஓடித் தப்புவதென்பது இக்கப்பலுக்கு முடியாத காரியம்.

கடலிலே வைத்த கண்ணி

கண்ணிவாரிக் கப்பல் என்பது எதற்கு? இதனை மாணவர்களுக்காகச் சற்று விளக்குவோம்.

வயலோரத்திலே பறவைக்குக் கண்ணி வைப்பதுபோலக் கப்பல்களுக்குக் கடலிலே வைப்பது கடற்கண்ணி. இரும்பினால் ஆன பெரிய உருண்டை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே வெடிமருந்து ஒரு பகுதி, எஞ்சியது வெற்றிடம். ஆகவே அது மிதக்கவே விரும்பும். ஆனால் கடலடியிற் கிடக்கும் ஒரு பாரத்தோடு கம்பிவடத்தினாலே அதனைக் கட்டிவிடுகிறார்கள். மேலே வரத் துடித்தும் வரமுடியாமல், நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, ஒருவர் கண்ணுக்கும் படாமல் அது நின்றுகொண்டிருக்கும். அதன் உடம்பில் ஈயத்தினாலான கொம்புகள் சில நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கொம்புக்குள்ளும் அமிலம் நிறைந்த கண்ணாடிக் குப்பி ஒன்று உண்டு. கப்பலின் அடிப்பாகம் கொம்பில் இடித்தவுடன் குப்பி உடையும், அமிலம் வழியும், அதுவரை உறங்கிக்கிடந்த மின்கலம் உயிர்பெறும், கண்ணி வெடிக்கும். வைத்தவன் அப்போது ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கலாம். செத்தே போயிருக்கவும் கூடும். கண்ணிக்கு அதைப்பற்றிக் கவலையில்லை.

நம் கொழும்புத் துறைமுகமே இதற்குச் சாட்சி. முதலாவது உலக யுத்தத்தின்போது "வோல்ப்" என்ற ஜேர்மன் கப்பல், வணிகக் கப்பல்போல வேடமிட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து கொழும்புக்கு அப்பால் இரவோடிரவாகக் கண்ணிகளை இட்டுவிட்டு மறைந்தது. 1917ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் திகதி "வூஸ்டர்ஷயர்" என்ற நீராவிக் கப்பலும், நான்கு நாட்களின் பின்னர் "பேர்சியஸ்" என்ற கப்பலும் அக்கண்ணிகளில் மோதி மூழ்கின. ஒரு குண்டுகூடச் சுடாமல், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் நடந்த போர் அது. அக்கப்பல்கள் இன்றும் கொழும்புக்கு அப்பால் கடலடியிலே கிடக்கின்றன. நம் நாட்டுச் சுழியோடிகள் கண்டு வந்திருக்கிறார்கள்.

இக்கண்ணிகளை வாருவதற்கு அன்று இருந்த வழி, தோற்றத்தில் மிக எளிதானது. கப்பலின் பின்னால் நீண்ட கம்பிவடம் ஒன்றை இழுத்துச் செல்வார்கள். நேர்பின்னே வாராமல் அது பக்கவாட்டில் விரிந்து செல்வதற்குப் பலகைகள் பூட்டியிருக்கும். முனையிலே ஒரு மிதவை இருக்கும். வடத்திலே இடையிடையே வெட்டுங் கத்திகள் பொருத்தியிருக்கும். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கண்ணியின் கம்பிவடம் இந்த வடத்தில் மாட்டிக்கொண்டால் வழுக்கிச் சென்று கத்தியிலே அறுபடும். விடுபட்ட கண்ணி நீர்மேலே குதித்தெழும். உடனே மாலுமிகள் துப்பாக்கியாற் சுட்டு அதனை வெடிக்கச் செய்வார்கள், அல்லது துளையிட்டு மூழ்கடிப்பார்கள்.

இதிலே ஓர் இடர்ப்பாடு உண்டு. வடம் கப்பலுக்குப் பின்னால் அல்லவா செல்கிறது? அப்படியானால், வாரப்படாத நீரிலே முதலிற் செல்வது கண்ணிவாரிக் கப்பலேதான். பின்னால் வருவோருக்குப் பாதை பாதுகாப்பானது. முன்னாற் செல்பவனுக்கு எது காப்பு? நீருக்குள் ஆழமாக இறங்காத உடம்பே காப்பு. கிரைன்சன் கப்பல் நீரில் அமிழ்ந்தது இரண்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவுதான். அந்தக் காப்பும் எப்போதும் போதுவதில்லை. அரிச்சுவடி வரிசையில் ஐந்தாவதாகிய "வில்லம் வான் ஏவைக்", 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி, தன் நாட்டவரே இட்டிருந்த கண்ணியொன்றில் மோதித் தன் மாலுமிகள் பலருடன் மூழ்கிப்போயிற்று. ஒல்லாந்து அப்போது யுத்தத்தில் இறங்கியிருக்கவேயில்லை.

இந்த மேலோட்டமான உடம்பு கிரைன்சனுக்குப் பிற்காலத்தில் வேறொரு விதத்திற் கைகொடுத்தது. பெரிய கப்பல்கள் அணுக முடியாத கரையோரத்தை அது அணுகலாம்.

யாவாவின் இறுதி நாட்கள்

வரிசையின் முதல் நான்கு கப்பல்களும் கீழைத் தேசத்துக்கு அனுப்பப்பட்டு, யாவாவின் சுரபாயாக் கடற்படைத் தளத்திலே பணிபுரிந்து வந்தன. நமது சாவகச்சேரியின் பெயரிலேயே யாவாவின் நினைவு ஒட்டிக்கிடக்கிறது என்று சொல்வோர் உண்டு. அத்துணைப் பழைய உறவுள்ள தீவு அது. எண்ணெயும் இறப்பரும் நிறைந்த அந்த நாடு முழுவதும் அன்று ஒல்லாந்தரின் ஆட்சியில் இருந்தது. யப்பானியர் அதனைத்தான் குறிவைத்து வந்தார்கள்.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி, ஒல்லாந்தர், பிரித்தானியர், அமெரிக்கர், அவுஸ்திரேலியர் ஆகிய நான்கு நாட்டவரின் ஐந்து குரூசர்களும் ஒன்பது நாசகாரிகளும், டோர்மன் என்ற ஒல்லாந்துத் தளபதியின் கீழே, யாவாவை நோக்கி வந்த யப்பானியப் படையை எதிர்த்தன. முடிவு பெருந்தோல்வி. டோர்மன் தம் கப்பலோடு மாண்டார். "டி ரைட்டர்", "யாவா" என்ற இரு ஒல்லாந்துக் குரூசர்களும் அன்றிரவே மூழ்கின. "ஜூப்பிட்டர்" என்ற பிரித்தானிய நாசகாரியோ, ஒல்லாந்தர் தம் கரையைக் காக்க இட்டிருந்த கண்ணியில் மோதி அழிந்தது. இந்த ஜூப்பிட்டரின் பெயரை வாசகர்கள் மறந்துவிடவேண்டாம். கதையில் அது மீண்டும் வரும். தப்பியோடிய குரூசர்களான "பேர்த்", "ஹூஸ்டன்", "எக்ஸெட்டர்" ஆகிய மூன்றும் அடுத்த இரண்டு நாட்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடிக்கப்பட்டன.

குரூசர்களின் கதியே இதுவாயின், கண்ணி வாரும் கப்பல்களின் கதி என்ன?

யப்பானியர் யாவாவில் இறங்கிவிட்டார்கள். சுரபாயாத் தளத்தைப் பகைவர் கைக்குப் போகாமல் ஒல்லாந்தர் தாமே தகர்த்தார்கள். எஞ்சிய கப்பல்கள் அவுஸ்திரேலியாவுக்குத் தப்பிச் செல்லவேண்டும் என்று கட்டளை பிறந்தது. நான்கு கண்ணிவாரிகளும் ஒன்றாகப் புறப்படுவதாகவே திட்டம் இருந்தது. ஆனால் வழி எங்கே இருந்தது? யாவாவுக்கு அடுத்த பாலித் தீவு பெப்ரவரி 19ஆம் திகதியே யப்பானியர் வசமாகிவிட்டது. அங்குள்ள விமானத்தளம் அவர்களுடையது. திமோர்த் தீவிலும் அவர்கள் இறங்கிவிட்டார்கள். தெற்கே இந்து சமுத்திரத்திலோ, நகுமோ என்ற தளபதியின் விமானந்தாங்கிக் கப்பல்கள் திரிந்துகொண்டிருந்தன. யாவாவின் தென்கரைத் துறைமுகமாகிய சிலாசாப்பிலிருந்து ஓடிய கப்பல்கள் பல அவற்றிடமும் அவற்றின் துணைக் கப்பல்களிடமும் சிக்கி அழிந்தன.

கப்பலைத் தாமே மூழ்கடித்துவிட்டுக் கரையேறிச் சரணடைவது ஒரு வழி. அதனை யாரும் கோழைத்தனம் என்று சொல்லியிருக்க முடியாது. ஆனால் சரணடைந்தவர்களுக்குப் பின்னர் நேர்ந்தது என்ன என்பது இன்று நமக்குத் தெரியும். மூன்றரை ஆண்டுச் சிறைவாழ்வு அது. யாவாவிற் பிடிபட்ட ஒல்லாந்துப் போர்க்கைதிகளிற் பலர் சயாம் - பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாக மடிந்த அதே பாதைதான் அது. கிரைன்சன் மாலுமிகள் அன்று இதனை அறிந்திருக்க முடியாது. ஆயினும் அவர்கள் புறப்படத் துணிந்தார்கள். கப்பலின் தலைவர் வான் மியர்ட் என்பவர்.

மரம் வெட்டப் போன மாலுமிகள்

வேகமும் இல்லை, பீரங்கி வலிமையும் இல்லை என்றால் ஒரு கப்பல் என்ன செய்யும்? கப்பலாக இருப்பதை விட்டுவிடும்!

கிரைன்சனின் மாலுமிகள் கரையிலிறங்கி மரங்களையும் கிளைகளையும் வெட்டிக் கொண்டுவந்தார்கள். மேற்றளம் முழுவதையும் இலைதழையால் மூடினார்கள். கொடிமரமும் புகைபோக்கியும் பீரங்கியும் மரக்கிளைகளுக்குள் மறைந்தன. வெளியே தெரிந்த பக்கங்களிலே பாறைபோலத் தோன்றும்படி வண்ணம் பூசினார்கள். பகல் முழுவதும் ஏதாவதொரு தீவின் கரையை ஒட்டி நங்கூரமிட்டு அசையாமல் நிற்பது. இருட்டிய பின்னரே ஓடுவது. விடியுமுன் அடுத்த மறைவிடத்தைச் சேர்ந்துவிடுவது. இதுதான் அவர்கள் கைக்கொண்ட முறை.

சொல்வது எளிது. 56 மீட்டர் நீளமான ஒரு பொருளை இலையால் மூடுவதென்றால் எத்தனை மரம் வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். கலியாண வீட்டுக்குப் பந்தர் போட்டுத் தோரணம் கட்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: காலையிற் கட்டிய மாவிலை மாலைக்குள் வாடிச் சுருண்டுவிடும். யாவாவின் வெயில் நம்முடைய வெயிலைவிடக் குறைந்ததன்று. சுற்றிலும் பசுந்தீவுகள் இருக்க நடுவிலே ஒரு தீவு மட்டும் காய்ந்து சருகாகிக் கிடந்தால், வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஐயம் எழாதா? ஆகையால் இது ஒருமுறை செய்து முடிக்கும் அலங்காரமன்று. இரவெல்லாம் இருளிலே, கலங்கரை விளக்கமின்றி, பாறைகள் நிறைந்த நீரிணைகளினூடே கப்பலைச் செலுத்திக் களைத்த கைகள் பகலிலே இந்தத் தீவையும் பராமரிக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் கடினமானது சும்மா இருப்பதே என்று நமக்குத் தோன்றுகிறது. விமானத்தின் இரைச்சல் தொலைவிலே கேட்கிறது, நெருங்கி வருகிறது, தலைக்கு மேலே வருகிறது. துப்பாக்கி கையில் இருக்கிறது. சுட்டால் தீவு கப்பலாகிவிடும். ஓடினாலும் அப்படியே. கண்டுகொண்டானா இல்லையா என்பதை, குண்டு விழுகிறதா இல்லையா என்பதிலிருந்துதான் அறிந்துகொள்ள வேண்டும். இத்தகைய பகல்களை அம்மாலுமிகள் ஒன்றல்ல, பலவற்றைக் கழித்தார்கள்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். இக்கதையை எடுத்துச் சொல்வோர் பலர் மரக்கிளைகளோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் வேடம் பலிப்பது தீவுகள் உள்ள இடத்தில் மட்டுமே. தீவுக்கூட்டத்தைத் தாண்டித் தெற்கே சென்றால், அவுஸ்திரேலியா வரை பல நூறு கடல்மைல் வெறுங்கடல். அங்கே ஒட்டி நிற்பதற்குக் கரையில்லை, ஒளிவதற்குக் குடாவில்லை. நடுச்சமுத்திரத்திலே தனித்து நகரும் தீவைக் கண்டால் எந்த விமானிதான் சிரிக்கமாட்டான்? அந்தத் தூரத்தை இரவென்றும் பகலென்றும் பாராமல், மணிக்கு 15 கடல்மைலுக்கு மேற்போகாத இயந்திரங்களை நம்பி, திறந்த வானத்தின் கீழ் ஓடியே கடக்கவேண்டும். மரக்கிளைகள் அவர்களைக் கடலின் வாசல்வரைக்கும்தான் கொண்டுபோய்ச் சேர்த்தன.

சுரபாயாவிலிருந்து அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள ஜெரால்டன் துறைமுகம் நேர்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 1,300 கடல்மைல் வரும். தடையின்றி முழுவேகத்தில் ஓடினால் நான்கு நாட்களுக்குள் முடியக்கூடிய பயணம். கிரைன்சனுக்கு எட்டு நாட்கள் சென்றன. மார்ச் மாதத்தின் நடுப்பகுதியில் அது அவுஸ்திரேலியக் கரையைச் சேர்ந்தது. யாவாவை விட்டுத் தப்பிய கடைசிக் கப்பல் அதுவே என்பர்.

மற்ற மூன்று கப்பல்களுக்கும் அந்தப் பேறு கிடைக்கவில்லை. "பீட்டர் டி பிட்டர்", "எலாந்து டூபுவா" ஆகிய இரண்டையும் மார்ச் மாதத்தின் முதல் நாட்களிலேயே அவற்றின் மாலுமிகள் தம் கையாலேயே மூழ்கடித்தார்கள். வரிசையின் மூத்த பிள்ளையாகிய "யான் வான் அம்ஸ்டெல்" தப்பியோட முயன்றது. மார்ச் 8ஆம் திகதி மதுரா நீரிணையிலே "அரஷியோ" என்ற யப்பானிய நாசகாரி அதனைக் கண்டு சுட்டு மூழ்கடித்தது. யாவாவில் ஒல்லாந்தர் சரணடைந்ததும் அதே நாளில்தான். ஒரே அச்சில் வார்த்த கப்பல்கள், ஒரே கட்டளை, ஒரே கடல். ஒன்று மட்டும் பிழைத்தது. திறமை பாதி, நல்லூழ் பாதி என்று சொல்வதைத் தவிர நமக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

அந்த நாட்களின் புயல் நம் கரையையும் விரைவில் வந்து எட்டியது. யாவாவின் ஒல்லாந்துக் கடற்படைத் தளபதி ஹெல்பிரிக் மார்ச் மாதத் தொடக்கத்திலேயே விமானத்தில் கொழும்புக்கு வந்துசேர்ந்திருந்தார். யாவாவுக்குத் தெற்கே வழிமறித்துத் திரிந்த அந்த நகுமோவின் படையே ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பையும், 9ஆம் திகதி திருகோணமலையையும் விமானங்களால் தாக்கியது. மட்டக்களப்புக்கு அப்பால் "ஹேர்மிஸ்" என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் அன்றைக்கே.

பெயர் மாறாத அவுஸ்திரேலியக் கப்பல்

அவுஸ்திரேலியாவுக்கு அப்போது கப்பல் பஞ்சம். வணிகக் கப்பல்களுக்குத் துணையாகச் செல்லக்கூடிய எதுவும் வேண்டியிருந்தது. கிரைன்சன் பழுதுபார்க்கப்பட்டு, நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு நீர்மூழ்கியைக் கண்டறியும் "அஸ்டிக்" கருவி பொருத்தப்பட்டு, 1942ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி அவுஸ்திரேலியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. உச்சரிக்க வராத அந்த ஒல்லாந்துப் பெயரை அவுஸ்திரேலியர் மாற்றாமலே விட்டார்கள்.

கப்பலிலே இப்போது மூன்று நாட்டவர் ஒன்றாக இருந்தனர். அவுஸ்திரேலிய லெப்டினன்ட் ஒருவர் தலைவர். ஒல்லாந்து மாலுமிகள் சிலர். இவர்களோடு வந்து சேர்ந்த பிரித்தானியர் யார் தெரியுமா? கண்ணியில் மோதி மூழ்கிய ஜூப்பிட்டர் நாசகாரியில் உயிர்தப்பியவர்கள்! ஒல்லாந்தரின் கண்ணியாலே கப்பலை இழந்தவர்கள் ஒல்லாந்தரின் கண்ணிவாரிக் கப்பலிலே வந்து தொழில் பார்த்தார்கள். இதனைக் கதையாக எழுதினால் நம்பமாட்டார்கள். ஒல்லாந்து மாலுமிகளிற் பெரும்பாலோருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மரக்கிளை சுமந்து தாம் காப்பாற்றிக் கொண்டுவந்த கப்பல் வேறொரு கொடியின் கீழே போவதை யார்தான் விரும்புவர்? பலர் தம் நாட்டுக் கப்பல்களுக்கு மாறிச் சென்றுவிட்டார்கள்.

1943ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி, அவுஸ்திரேலியாவுக்கும் தஸ்மேனியாவுக்கும் இடையிலுள்ள பாஸ் நீரிணையில் வணிகக் கப்பல்களுக்குத் துணையாகச் செல்லும்போது, அஸ்டிக் கருவி நீர்மூழ்கி ஒன்று இருப்பதாகக் காட்டிற்று. உடனே நீரடிக் குண்டுகளை வீசினார்கள். நீர்மூழ்கி மூழ்கியதற்கான அடையாளம் எதுவும் மேலே வரவில்லை. அவசரத்தில் வீசிய முதற் குண்டுகளின் அதிர்ச்சியோ கிரைன்சனையே உலுக்கிவிட்டது. குழாய்கள் உடைந்தன, கப்பலின் அடி நடுக்கோட்டிலுள்ள தறையாணிகள் யாவும் தளர்ந்தன. ஒரு வாரம் உலர்துறையில் ஏற்றி அத்தனையையும் மாற்றவேண்டியதாயிற்று. அதற்கு வாய்த்த தாக்குதல் இதுதான், அடிபட்டது அதுவேதான். போர்க்குணம் இக்கப்பலுக்கு இயல்பாக வாய்க்கவில்லை போலும். அவ்வாண்டு மே மாதத்திலே அது ஒல்லாந்தரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது; எனினும் யுத்த காலத்தின் பெரும்பகுதியை அவுஸ்திரேலியக் கடலிலேயே கழித்தது.

யுத்தம் முடிந்தபின் கிரைன்சன் மீண்டும் அந்தத் தீவுகளுக்குச் சென்றது. இதை எழுதுகையில் நம் பேனா சற்றுத் தயங்குகிறது. 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி இந்தோனேசிய மக்கள் தம் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தனர். ஒல்லாந்து அதனை ஏற்கவில்லை. 1949ஆம் ஆண்டின் இறுதியில் ஆட்சியுரிமை கைமாறும்வரை அங்கு மோதல் நீடித்தது. அக்காலத்தில் விடுதலைப் போராளிகளுக்கு எதிராகக் கடற்காவல் புரியும் பணி இக்கப்பலுக்கு இடப்பட்டது. எந்தத் தீவுகள் தம் மரங்களைத் தந்து, தம் கரையோரத்தில் இடந்தந்து அதனைக் காத்தனவோ, அத்தீவுகளின் மக்களைக் கண்காணிக்க அதே கப்பல் சுற்றிவந்தது. கப்பலைக் குறைசொல்லிப் பயனில்லை; ஏவியவர்கள் கரையில் இருந்தார்கள். ஆயினும் கிரைன்சனின் வரலாற்றைச் சொல்வோர் இந்த ஆண்டுகளை ஒரு வரியிலே தாண்டிவிடுவது நமக்கு உடன்பாடன்று.

1951இல் அது ஒல்லாந்துக்குத் திரும்பியது. 1956இல் துறைமுக வாயிலைத் தடுக்கும் வலைகளைப் பேணும் கப்பலாக மாற்றப்பட்டது. பின்னர் கடற்படைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, கடற் கடேற் சிறுவர்களின் பயிற்சிக்காக முதலில் ஹேக் நகரிலும், பின்னர் ரொட்டர்டாமிலும் நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒல்லாந்துச் சிறுவர்கள் அதன் தளத்தைத் தேய்த்துக் கழுவிக் கயிறு முடியப் பழகினார்கள். 1995இல் கடற்படை அருங்காட்சியகம் அதனை ஏற்று, யுத்தகாலத் தோற்றத்துக்கு மீட்டது. இப்போது வட ஒல்லாந்தின் டென் ஹெல்டர் துறைமுகத்திலே அது மிதந்துகொண்டிருக்கிறது. விரும்பியவர் ஏறிப் பார்க்கலாம்.

வாருவதிலிருந்து தேடுவதற்கு

கிரைன்சன் கற்ற தொழிலோ பெரிதும் மாறிவிட்டது. 1939இலேயே ஜேர்மனியர், கப்பல் முட்டாமலே வெடிக்கும் காந்தக் கண்ணிகளைக் கடலடியிலே இடத் தொடங்கினர். இரும்புக் கப்பல் மேலே செல்லும்போது காந்தப்புலத்தில் உண்டாகும் மாற்றமே அவற்றை வெடிக்கச் செய்யும். பின்னர் ஒலிக்கு வெடிப்பனவும், கப்பல் கடக்கும்போது நீரமுக்கம் மாறுவதற்கு வெடிப்பனவும் வந்தன. அறுப்பதற்கு வடமே இல்லாத கண்ணியைக் கத்தியுள்ள வடம் என்ன செய்யும்? ஆகவே வாரும் கப்பல்களின் இடத்திலே கண்ணி தேடும் கப்பல்கள் தோன்றின. இவை எதிரொலிக் கருவியினாற் கடலடியைத் துழாவி, ஐயத்துக்குரிய ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொன்றாக ஆராய்கின்றன. பின்னர் சுழியோடிகளையோ சிறு இயந்திரப் படகுகளையோ அனுப்பிக் கண்ணியை அழிக்கின்றன. காந்தத்துக்குத் தப்புவதற்காக முதலில் மரத்தாலும், பின்னர் கண்ணாடியிழையாலும் அவற்றின் உடம்பைக் கட்டினார்கள். 1973இல் பணியிற் சேர்ந்த பிரித்தானியாவின் "வில்டன்" கண்ணாடியிழையாற் கட்டிய முதற் போர்க்கப்பல் என்ற பெயரைப் பெற்றது. ஒல்லாந்தரும் பெல்ஜியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து 1980ஆம் ஆண்டுகளில் ஒரே மாதிரியான கப்பல்களைக் கட்டினார்கள். அவற்றின் வேகமும் மணிக்கு 15 கடல்மைல்தான் என்பது ஒரு வேடிக்கை. இவ்வகைக் கப்பல்களுக்கு அவசரம் என்றுமே தேவைப்பட்டதில்லை.

அவற்றுள் ஒல்லாந்தரின் கப்பல்களுக்குத் தளமும் டென் ஹெல்டரே. இரண்டு உலக யுத்தங்களிலும் இடப்பட்ட கண்ணிகளும் விழுந்த குண்டுகளும் இன்றும் வடகடலின் அடியிலே கிடக்கின்றன. மீனவர்களின் வலைகளில் அவை அவ்வப்போது சிக்கும். செய்தி கிடைத்ததும், கிரைன்சன் கட்டிக்கிடக்கும் அதே துறைமுகத்திலிருந்து கண்ணி தேடும் கப்பலொன்று புறப்பட்டுச் செல்லும்.